பொருளை விவரிக்கும் சொல்லுக்கு ட்ரேட்மார்க் கிடைக்குமா? மனு போடும் முன் படித்துவிடுங்கள்

நாங்கள் எடை குறைந்த பள்ளிப் பைகள் தைத்து விற்கிறோம். அதற்கு 'லைட் பேக்' என்று பெயர் வைத்து மூன்று வருடம் விற்றோம். லேபிள், அட்டைப்பெட்டி, பில் புத்தகம் எல்லாம் அந்தப் பெயரில் அடித்து முடித்த பிறகுதான் ட்ரேட்மார்க் பற்றி யோசித்தோம். மனு போட்டோம், ஆட்சேபம் வந்தது, பதில் கொடுத்தோம், ஹியரிங்கும் போனோம், கடைசியில் நிராகரித்துவிட்டார்கள். பணத்தைவிட அதற்குள் ஓடிப்போன மாதங்கள்தான் பெரிய நஷ்டம். இந்த விஷயங்களை ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெயரையே வைத்திருக்க மாட்டோம், அல்லது வேறு விதமாக மனு போட்டிருப்போம். இந்தியாவில் சிறு தொழில் தொடங்குகிற யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கேள்விக்கு நேரடியான பதில் இதுதான். ட்ரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 9(1)(பி) படி, பொருளின் வகை, தரம், அளவு, பயன், விலைமதிப்பு, ஊர், தயாரித்த காலம் இப்படி ஏதாவது ஒரு தன்மையை மட்டுமே சொல்கிற சொல்லைப் பதிவு செய்ய மாட்டார்கள். ஆனால் அதே பிரிவின் கீழே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மனு போட்ட தேதிக்கு முன்பே அந்தச் சொல்லைக் கேட்டால் உங்கள் சரக்குதான் மக்கள் ஞாபகத்துக்கு வரும் என்ற நிலை, பயன்பாட்டின் மூலம் வந்திருந்தால் பதிவு செய்யலாம். 2004-ல் 'சூப்பர் கப்' தேயிலை வழக்கில் உச்ச நீதிமன்றமும் விவரிக்கும் சொல்லுக்கு இப்படி இரண்டாவது அர்த்தம் ஏற்பட்டிருந்தால் பாதுகாப்பு கிடைக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆக வழி இருக்கிறது, ஆனால் அந்த நிலை வந்துவிட்டது என்று நிரூபிக்கிற வேலை முழுக்க நம்முடையது.

1. உங்கள் சொல் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்

சொல்லைத் தனியாக வைத்துப் பார்க்காதீர்கள், எந்தப் பொருளுக்கு வைக்கிறீர்கள் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். பைக்கு 'பை' என்று வைத்தால் அது பொருளின் பெயரே, அதை எவ்வளவு வருடம் விற்றாலும் யாருக்கும் தர மாட்டார்கள். 'லைட் பேக்' பையின் தன்மையைச் சொல்கிறது, அதனால் விவரிக்கும் சொல். 'சிறகு' என்று பைக்கு வைத்தால், எடை குறைவு என்பதை வாங்குபவர் ஒரு நொடி யோசித்துத்தான் புரிந்துகொள்வார். அப்படிக் குறிப்பாக உணர்த்துகிற சொல்லைப் பதிவு செய்யலாம். அதே 'சிறகு' என்ற சொல்லை இறகு அடைத்த தலையணைக்கு வைத்தால் அது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிற சொல் ஆகிவிடும், ஆட்சேபம் வரும். பொருளோடு சம்பந்தமே இல்லாத சொல்லும் புதிதாக உருவாக்கிய சொல்லும்தான் எல்லாவற்றையும்விட உறுதியானவை.

நான் செய்து பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. உங்கள் போட்டியாளர் தன் சரக்கைப் பற்றி நேர்மையாக ஒரு வாக்கியம் சொல்ல அந்தச் சொல் அவருக்குத் தேவைப்படுமா? தேவைப்படும் என்றால் அதை உங்கள் ஒருவருக்கே எழுதித் தர மாட்டார்கள்.

எழுத்துக்கூட்டலை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நாங்களும் நினைத்தோம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை மாற்றி எழுதினாலும் காதில் ஒன்றாகத்தான் விழும். சமையல் எண்ணெயில் 'லோசார்ப்' என்ற பெயரை வைத்திருந்த மாரிகோ நிறுவனம், 'லோ அப்சார்ப்' என்று எழுதிய இன்னொரு நிறுவனத்தைத் தடுக்க முயன்றபோது, இது எண்ணெய் குறைவாக உறிஞ்சப்படும் என்பதை விவரிக்கிற சொல்தானே என்று 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்துவிட்டது. தமிழில் மாற்றினாலும் இதே கதைதான், 'இலகு' என்று எழுதினாலும் அர்த்தம் மாறவில்லையே. ஆங்கிலம், இந்தி தவிர வேறு எழுத்தில் மனு போட்டால் அந்தச் சொல்லின் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மனுவிலேயே எழுதித் தர வேண்டும், எனவே பரிசோதகருக்கு, அதாவது மனுவைப் பரிசீலிக்கிற அதிகாரிக்கு, தமிழ் தெரியாது என்று எண்ணி எதையும் செய்யாதீர்கள்.

ஊர்ப் பெயர்களுக்கும் இதே பிரிவுதான். 'சிம்லா' என்ற பெயரை சிகரெட்டுக்குக் கேட்ட வழக்கில் 1977-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்திருக்கிறது.

2. தேடிப் பாருங்கள், மற்றவர்களுக்கு வந்த ஆட்சேபங்களையும் படியுங்கள்

ட்ரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். அதே சொல்லைத் தேடுங்கள், அப்புறம் அதே மாதிரி ஒலிக்கிற சொல்லுக்கான தேடலையும் தனியாகப் போடுங்கள். பெரும்பாலானவர்கள் பெயர் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். காலியாக இருப்பது நல்ல செய்தி என்று அர்த்தமில்லை, யாருக்கும் தர மாட்டார்கள் என்பதால்கூடக் காலியாக இருக்கலாம். உங்கள் சொல்லை உள்ளே கொண்ட பழைய மனுக்களைத் திறந்து, நிலை என்ன என்று பாருங்கள். 'அப்ஜெக்டட்' (ஆட்சேபம்), 'ரெஃப்யூஸ்ட்' (நிராகரிப்பு), 'அபேண்டண்ட்' (கைவிடப்பட்டது) என்று வரிசையாக இருந்தால் அந்தப் பாதை எப்படி என்று புரிந்துவிடும். அந்த மனுக்களின் பரிசோதனை அறிக்கையும் (பரிசோதகர் ஆட்சேபங்களை எழுதி அனுப்புவது) அதற்கான பதிலும் பதிவேற்றப்பட்டிருந்தால் உட்கார்ந்து படியுங்கள். எனக்கு அதில்தான் நிறையப் புரிந்தது.

3. மூன்று வழிகளில் ஒன்றை முடிவு செய்யுங்கள்

இன்னும் விற்கவே தொடங்கவில்லை, அல்லது ஒரு வருடம்தான் ஆகிறது என்றால் பெயரை மாற்றிவிடுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் லேபிள் அடிக்கும் முன் மாற்றுவதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

பல வருடமாக விற்கிறீர்கள், கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது என்றால் விதிவிலக்கைக் காட்டி அந்தச் சொல்லையே கேட்கலாம். இத்தனை வருடம் என்று சட்டத்தில் கணக்கு எதுவும் இல்லை. விற்பனை எவ்வளவு பரவலானது, விளம்பரம் எவ்வளவு, வேறு யாரும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது, லோகோவாகப் பதிவு செய்வது. விவரிக்கும் சொல்லோடு தனித்த ஒரு பெயரோ படமோ சேர்ந்தால் அது 'விவரிக்கும் சொல் மட்டுமே' என்ற கட்டத்தைத் தாண்டிவிடும், பதிவும் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. பிரிவு 17 படி முழு லோகோவுக்குத்தான் உங்களுக்கு உரிமை, உள்ளே இருக்கிற பொதுவான சொல்லுக்குத் தனியாக உரிமை கிடையாது. சான்றிதழ் கையில் வந்ததும் அந்தச் சொல்லே நம்முடையது என்று நினைத்துப் பக்கத்துக் கடைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பினால் நிற்காது. லோகோ வழியில் போகிறவர்கள் கருப்பு வெள்ளையில் மனு போடுங்கள், நிற வரம்பு இல்லாமல் பதிவானால் எல்லா நிறத்துக்கும் அது செல்லும்.

உங்கள் மனுவை எழுதித் தருபவர் 'லோகோவா போட்டா ஈஸியா கிடைச்சிடும் சார்' என்று சொன்னால், எதற்கு உரிமை கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று தெளிவாகக் கேளுங்கள்.

4. பயன்பாட்டுத் தேதியில் தவறு செய்யாதீர்கள்

எங்கள் மனு கவிழ்ந்தது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மனுவில் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்ன தேதியிலிருந்து பயன்படுத்துகிறோம் என்று சொல்லலாம், அல்லது இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம், அதாவது 'ப்ரபோஸ்ட் டு பி யூஸ்ட்' என்று போடலாம். முதலாவதைப் போட்டால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இரண்டாவதுக்கு எதுவும் வேண்டாம். அதனால் அவசரத்தில் மனு போடுகிறவர்கள் இரண்டாவதையே டிக் செய்துவிடுகிறார்கள். எங்கள் மனுவிலும் அப்படித்தான் நடந்தது, மூன்று வருடம் விற்ற பொருளுக்கு இனிமேல்தான் விற்கப் போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

விதிவிலக்கு கேட்பதே மனு தேதிக்கு முன் நடந்த பயன்பாட்டை வைத்துத்தான். இனிமேல்தான் பயன்படுத்துவோம் என்று நாமே சொல்லிவிட்டு, அப்புறம் மூன்று வருட பில்களைக் கொண்டுபோய் வைத்தால் எப்படி நம்புவார்கள்? ஹியரிங்கில் முதல் கேள்வியே அதுதான் வந்தது. இந்தப் பயன்பாட்டு விவரத்தைப் பிறகு திருத்துவதும் சுலபமில்லை. பெரும்பாலும் புதிதாக மனு போட வேண்டியதுதான், கட்டின கட்டணமும் திரும்ப வராது.

தேதியைக் கூட்டியும் போடாதீர்கள். பழைய தேதி சொன்னால் வலு என்று நினைத்து, கையில் பில் இல்லாத வருடத்தைப் போட்டால், பிறகு எதிர்ப்பு வரும்போது அந்த ஒரு பொய் மற்ற உண்மைகளையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும்.

5. ஆதாரம் சேர்ப்பது

சேர்க்க வேண்டியவை: ஒவ்வொரு வருடத்துக்கும் தேதி போட்ட பில்கள், அந்தப் பெயரில் நடந்த வருட வாரியான விற்பனைக்கும் விளம்பரச் செலவுக்கும் ஆடிட்டர் சான்றிதழ், பத்திரிகை விளம்பரங்கள், துண்டுப் பிரசுரங்கள், பழைய லேபிள்கள், சமூக வலைத்தளப் பதிவுகள் (தேதி தெரிகிற மாதிரி), வாடிக்கையாளர் விமர்சனங்கள், உங்கள் சரக்கை அந்தப் பெயர் சொல்லியே கேட்டு வாங்குகிறார்கள் என்று வியாபாரிகள் தருகிற கடிதங்கள். இவற்றை எண் போட்டு இணைத்து, நடந்ததை வருட வரிசையில் சொல்கிற பிரமாணப் பத்திரம் தயாரித்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இதில் யாரும் சொல்லாத ஒரு விஷயம், பில்லில் அந்தச் சொல் எப்படி இருக்கிறது என்பது. எங்கள் பில்லின் தலைப்பில் கடைப் பெயர், சரக்கு விவரம் போடுகிற கட்டத்தில் 'லைட் பேக் - 20' என்று எழுதியிருப்போம். எங்களுக்கு அது பிராண்ட் பெயர். படிக்கிறவருக்கோ இருபது எடை குறைந்த பைகள் விற்றிருக்கிறார்கள் என்றுதான் தெரியும். நாங்கள் கட்டுக் கட்டாகக் கொடுத்த பில்கள், அது விவரிக்கும் சொல்தான் என்று எங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டன. எனவே இன்றைக்கே மாற்றுங்கள். பில்லின் தலைப்பில் பிராண்ட் பெயரைப் போடுங்கள், சரக்குக் கட்டத்தில் பிராண்ட் பெயருக்குப் பின்னால் பொருளின் பொதுப் பெயரைச் சேர்த்து எழுதுங்கள், லேபிளில் பெயர் ஒரே மாதிரி எழுத்தில் வரட்டும், விளம்பரத்தில் அந்தச் சொல்லை சாதாரண அர்த்தத்தில் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். இந்தப் பழக்கத்தோடு சில வருடம் போனால் அப்புறம் தைரியமாக மனு போடலாம்.

ஜிஎஸ்டி சான்றிதழ், உத்யம் சான்றிதழ் (சிறு தொழில் பதிவு), கம்பெனிப் பதிவு, இணைய முகவரி இவற்றையே ஆதாரமாக நம்பாதீர்கள். தொழில் இருக்கிறது என்பதற்கு அவை சாட்சி, மக்கள் அந்தப் பெயரை உங்களோடு சேர்த்து நினைக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை.

6. மனுவும் செலவும்

படிவம் டிஎம்-ஏ. இணையத்தில் போட்டால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். நேரில் தாளில் கொடுத்தால் 5,000, 10,000. இது ஒரு வகுப்புக்கான கட்டணம். மொத்தம் 45 வகுப்புகள், 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். பைகள் 18-ம் வகுப்பு, உடைகள் 25, சோப்பு 3, கடை நடத்தும் சேவை 35. இரண்டு வகுப்பு என்றால் கட்டணமும் இரண்டு மடங்கு.

கூட்டு நிறுவனமோ கம்பெனியோ 4,500 கட்ட வேண்டுமென்றால் உத்யம் சான்றிதழ் அல்லது ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும். உத்யம் பதிவு இலவசம், அதை முதலில் எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் குறைந்த கட்டணம் கட்டினால் மனு முதல் சரிபார்ப்பிலேயே நின்றுவிடும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, லோகோ என்றால் படக் கோப்பு, ஏஜெண்ட் மூலம் போட்டால் டிஎம்-48 அதிகாரப் பத்திரம், நாமே போட்டால் டிஜிட்டல் சிக்னேச்சர் தேவைப்படும். தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னை அலுவலகம்தான்.

அவசரப் பரிசீலனைக்குத் தனிக் கட்டணம் உண்டு, தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனத்துக்கு 20,000, மற்றவர்களுக்கு 40,000. விவரிக்கும் சொல்லுக்கு இந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஆட்சேபம்தான் சீக்கிரம் வரும்.

7. பரிசோதனை அறிக்கைக்குப் பதில்

அறிக்கை கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தவறவிட்டால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலில் வருவதால் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள், ஏஜெண்ட் சொல்வார் என்று இருக்காமல் வாரம் ஒருமுறை நீங்களே மனு எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள்.

பிரிவு 9 ஆட்சேபத்துக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். இந்தச் சொல் என் பொருளை நேரடியாக விவரிக்கவில்லை, குறிப்பாகத்தான் உணர்த்துகிறது என்பது ஒன்று. விவரித்தாலும் பயன்பாட்டால் தனித்தன்மை வந்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாம், ஆனால் இரண்டாவதுக்கு ஆதாரம் கூடவே போக வேண்டும்.

பிரிவு 11 ஆட்சேபமும் சேர்ந்து வந்தால், அதாவது ஒத்த பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னால், இன்னும் கவனம் வேண்டும். அதைத் தாண்டுவதற்காக 'இது எல்லோரும் பயன்படுத்துகிற பொதுச் சொல்தானே' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அதே பதிலில் மேலே தனித்தன்மை வந்த சொல் என்று எழுதியிருப்பார்கள். பரிசோதகருக்கு இது ஒன்றே போதும். பதிவு கிடைத்துவிட்டாலும், நாளைக்கு யார் மீதாவது வழக்குப் போடும்போது எதிர்த்தரப்பு வக்கீல் இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார். ரெடிமேடாக ஒரு பதிலை ஒட்டி அனுப்புகிற வேலையை யாரையும் செய்ய விடாதீர்கள், அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள்.

8. ஹியரிங்

பதில் போதவில்லை என்றால் ஹியரிங் வைப்பார்கள், வீடியோ வழியாக நடக்கும். நேரம் கொஞ்சம்தான். மூன்று ஆவணங்களைக் கைக்கருகில் வையுங்கள்: முதல் பில், ஆடிட்டர் சான்றிதழ், பெயர் பிராண்டாகத் தெரிகிற ஒரு நல்ல விளம்பரம். அன்று வர முடியாது என்றால் முன்கூட்டியே டிஎம்-எம் படிவத்தில் 900 ரூபாய் கட்டித் தள்ளிவைக்கக் கேளுங்கள், சும்மா வராமல் இருந்துவிடாதீர்கள்.

9. ஜர்னலும் 4 மாதமும்

ஏற்றுக்கொண்டால் பதிவகம் வெளியிடுகிற ட்ரேட்மார்க் ஜர்னலில் வெளியாகும். விவரிக்கும் சொற்களைச் சில சமயம் ஏற்கும் முன்பே விளம்பரப்படுத்துவார்கள், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்கத்தான். அதை ஏற்றுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கொண்டாட வேண்டாம். வெளியான தேதியிலிருந்து 4 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம், இணையத்தில் அவர்களுக்குக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய்தான். பொதுச் சொல்லை நீங்கள் கேட்டிருந்தால் அதே தொழிலில் இருப்பவர்கள் எதிர்க்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எதிர்ப்பு நோட்டீஸ் வந்தால் 2 மாதத்துக்குள் எதிருரை, அதாவது எழுத்தில் உங்கள் பதில், போட வேண்டும், போடாவிட்டால் மனு போய்விடும். அதற்கும் 2,700 ரூபாய். அப்புறம் சாட்சியம், விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்கும்.

யாரும் எதிர்க்கவில்லை என்றால் சான்றிதழ் வரும், மனு தேதியிலிருந்து 10 வருடம் செல்லும். புதுப்பிக்க இணையத்தில் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். சான்றிதழ் வரும் வரை பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவுக்கு முன் சட்டப்படி தவறு.

10. நிராகரித்துவிட்டால்

ஒரு மாதத்துக்குள் அதே அலுவலகத்தில் மறுஆய்வு கேட்கலாம். அல்லது 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சென்னை அலுவலகத்தின் உத்தரவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் போக வேண்டும். வக்கீல் செலவு மனுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும் என்பதால், ஆதாரம் உண்மையிலேயே பலமாக இருந்து பரிசோதகர் அதைக் கவனிக்கவில்லை என்றால் மட்டும் போங்கள்.

போராடி வாங்கினாலும் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பிரிவு 30 படி, உங்கள் பதிவு இருந்தாலும், தன் பொருளின் தன்மையைச் சொல்வதற்காக இன்னொருவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் அது மீறல் ஆகாது. 'ஷுகர் ஃப்ரீ' என்ற பெயரில் இனிப்பூட்டி விற்கிற நிறுவனத்துக்கு அந்தப் பெயரில் நல்ல பேர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட டெல்லி உயர் நீதிமன்றம்கூட, அமுல் தன் சர்க்கரை இல்லாத உறைந்த இனிப்பின் மேல் அந்தச் சொல்லை விவரணையாகப் போடுவதை முழுதாகத் தடுக்கவில்லை. 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'மேஜிக் மசாலா' என்ற சொல்லுக்காக ஐடிசி போட்ட வழக்கிலும் நெஸ்லே 'மேஜிகல் மசாலா' என்று போடுவதைத் தடுக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே இதுதான் நிலை.

நாங்கள் மேல்முறையீடு போகவில்லை. பொருளை நேரடியாகச் சொல்லாத வேறொரு பெயரைத் தேடிப்பிடித்து, இரண்டு தேடலும் போட்டுப் பார்த்து, 18-ம் வகுப்பில் 4,500 கட்டி மனு போட்டோம். பிரிவு 9 ஆட்சேபம் வரவில்லை, ஒன்பதாம் மாதம் சான்றிதழ் வந்தது. பழைய வாடிக்கையாளர்கள் குழம்பக் கூடாது என்று ஒரு வருடம் லேபிளில் புதுப் பெயரைப் பெரிதாகவும் அதன் கீழே 'எடை குறைந்த பள்ளிப் பை' என்று சிறிய எழுத்திலும் போட்டு விற்றோம். அந்தக் கீழ் வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.